கோயிலை இடிக்கணுமா வேணாமா: இன்ஜினியரைக் கேக்குறதா, ஊரைக் கேக்குறதா?

வணக்கம் மா. உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். நான் புரிஞ்சிக்கிட்டது இதுதான், தப்புன்னா திருத்துங்க. தென்னாப்பிரிக்காவுல நம்ம குவாசுலு நட்டால் மாகாணத்து நார்த் கோஸ்ட்ல கரும்பு எஸ்டேட் காலத்து மாரியம்மன் கோயில், கட்டி 80 வருஷத்துக்கு மேல ஆச்சு, 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறம் பின்பக்க சுவர்ல விரிசல் விட்டிருக்கு. கமிட்டில 11 பேர். அதுல ஒரு கட்சி "இன்ஜினியரும் ஸ்தபதியும் என்ன சொல்றாங்களோ அதைச் செஞ்சிட்டுப் போவோம், எல்லாரையும் கூப்பிட்டா சண்டைதான் வரும்"ங்கிறாங்க. இன்னொரு கட்சி "இது ஊர் கோயில், மண்டபத்துல கூட்டம் போட்டு கை தூக்கச் சொல்லிட்டா முடிஞ்சுது"ங்கிறாங்க. நீங்க செகரட்டரி, நடுவுல மாட்டிக்கிட்டீங்க.

நான் பெரிய கோயில் ஆள் எல்லாம் இல்ல, வருஷத்துக்கு ஒருக்கா காவடி, புரட்டாசில ஒரு மாசம் விரதம், ஆடில கூழ் ஊத்துறப்போ அண்டா தூக்குவேன், அவ்ளோதான். ஆனா 28 வருஷம் டவுன் பிளானிங் வேலை பார்த்திருக்கேன், அதுல பாதி நாள் ஏதாவது ஒரு ஹால்ல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கிட்டு ஜனங்க எங்கள திட்டுறதைக் கேட்டு எழுதிக்கிட்டதுதான். அதனால இந்த விஷயத்துல மட்டும் கொஞ்சம் சொல்லலாம்னு தோணுது. என் தமிழ் ஆயாகிட்ட கத்துக்கிட்ட டர்பன் தமிழ், அங்கங்க இடறும், பொறுத்துக்குங்க.

உங்க கமிட்டில ரெண்டு கட்சியும் ஒரே தப்பைத்தான் பண்றாங்க. "இடிக்கலாமா வேணாமா"ங்கிறது ஒரே ஒரு கேள்வின்னு நெனச்சிக்கிட்டு அதை யார்கிட்ட கேக்குறதுன்னு சண்டை போடுறாங்க. அது ஒரு கேள்வி இல்ல மா, அதுக்குள்ள நாலஞ்சு கேள்வி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் வேற. சுவர் இன்னும் எத்தன மழைய தாங்கும், அஸ்திவாரம் இறங்கிட்டே இருக்கா இல்ல நின்னுடுச்சா, ரிப்பேர் பண்ணா எவ்ளோ, புதுசா கட்டினா எவ்ளோ, இதெல்லாம் இன்ஜினியர் சொல்லணும். கூரை விழுமா விழாதான்னு மண்டபத்துல ஓட்டு எடுத்தீங்கன்னா 300 பேர் விழாதுன்னு கை தூக்கினாலும் விழுறதா இருந்தா விழத்தான் செய்யும். மூலவரை எடுத்து பாலாலயத்துல, அதாவது தற்காலிகக் கோயில்ல, வெக்கலாமா, எப்போ, எப்படி, அது ஸ்தபதியும் குருக்களும். ஆனா எத்தன வருஷம் பாலாலயத்துல நின்னு கும்பிட ஜனங்க தயார், மாசம் எவ்ளோ ராண்ட் குடுப்பாங்க, தாத்தா காலத்துல கையால பூசின அந்த சுதை பொம்மைங்க போனா பரவால்லையா, இதுக்கு எந்த இன்ஜினியர்கிட்டயும் பதில் கெடையாது. அவர் டிகிரில அது இல்ல.

இதுல இன்னொரு சூட்சுமம். இன்ஜினியர் ரிப்போர்ட்ல கடைசிப் பக்கத்துல "இடிக்குமாறு பரிந்துரைக்கிறேன்"னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அது பார்க்க டெக்னிக்கல் பதில் மாதிரி இருக்கும், ஆனா அதுக்குள்ள அவரோட சொந்த விருப்பம் கலந்திருக்கும். பழசை ஒட்டுப்போட்டு அது நாளைக்கு விரிசல் விட்டா பேர் கெடும், புதுசா கட்டினா நிம்மதி. அவர் நிலைமைல நானும் அப்படித்தான் எழுதுவேன். அதனால ஆரம்பத்துலயே "என்ன செய்யணும்னு சொல்லாதீங்க சார், மூணு வழி குடுங்க, ஒவ்வொண்ணுக்கும் செலவு எவ்ளோ, எத்தன வருஷம் நிக்கும், என்ன ஆபத்துன்னு எழுதிக் குடுங்க"ன்னு கேட்டு வாங்குங்க. இப்படிக் கேட்டா அதே ஆள்கிட்ட இருந்தே வேற மாதிரி ரிப்போர்ட் வரும், நான் பல தடவ பார்த்திருக்கேன். இன்ஜினியரிங் கவுன்சில்ல ரிஜிஸ்டர் ஆனவரான்னும் பார்த்துக்குங்க. கமிட்டி மெம்பரோட மச்சான்ங்கிறதுக்காக யாரையும் கூப்பிடாதீங்க, அதுவும் கட்டுற கான்ட்ராக்ட் எடுக்கப் போறவரே ரிப்போர்ட்டும் குடுத்தா அந்த ரிப்போர்ட் எதுக்கு?

எந்த நிபுணர்னு தேர்ந்தெடுக்குறதுலயே பாதி முடிவு ஆயிடும். இதுக்கு நம்ம நாட்டுல நடந்ததை விட பெரிய பாடம் வேற எங்கயும் இல்ல. 2000ல அப்போ பிரசிடென்ட்டா இருந்த தாபோ எம்பெக்கி எய்ட்ஸ் பத்தி ஆலோசனை சொல்ல ஒரு நிபுணர் குழு போட்டார். நிபுணரைக் கேக்குறது நல்லதுதான? ஆனா அந்தக் குழுவுல எச்ஐவி வைரஸை வாழ்க்கை பூரா ஆராய்ச்சி பண்ணவங்களையும், அந்த வைரஸாலதான் எய்ட்ஸ் வருதுங்கிறதையே ஒத்துக்காதவங்களையும் சேர்த்து உக்கார வெச்சார். ரெண்டு பக்கமும் கேக்குறேன்னு பேரு. வெளிய இருந்து பார்த்தா எவ்ளோ நியாயமா தெரியுது! அந்த வருஷம் ஜூலைல நம்ம டர்பன்லயே உலக எய்ட்ஸ் மாநாடு நடந்துச்சு, அதுக்கு முன்னாடி 5,000க்கு மேல விஞ்ஞானிங்க எச்ஐவிதான் காரணம்னு கையெழுத்துப் போட்டு டர்பன் பிரகடனம்னு ஒண்ணு வெளியிட்டாங்க. அப்படியும் மருந்து குடுக்குறது இழுத்துக்கிட்டே போச்சு. அந்தத் தாமதத்தால 3,30,000 உயிருக்கு மேல போச்சுன்னு 2008ல ஹார்வர்ட் ஆராய்ச்சியாளருங்க கணக்குப் போட்டாங்க. விஷயம் தெளிவா முடிவான இடத்துல "ரெண்டு பக்கமும் கேப்போம்"ங்கிறது நடுநிலை இல்ல மா, அது தனக்குப் பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் ஆள் தேடுறது. உங்க கமிட்டிலயும் இது நடக்கும், சின்ன அளவுல. முதல் இன்ஜினியர் சொன்னது பிடிக்கலன்னா ரெண்டாவது ஆள், அதுவும் பிடிக்கலன்னா மூணாவது. ரெண்டாவது ஒபினியன் வாங்குறது தப்பில்ல, ஆனா எத்தன பேரைக் கேக்கப் போறோம்னு முன்னாடியே முடிவு பண்ணி மினிட்ஸ்ல எழுதிடுங்க.

அதே கதையில ஜனங்க பக்கத்தையும் சொல்லணும், இல்லன்னா பாதிதான் சொன்ன மாதிரி. 1998 டிசம்பர்ல ஆரம்பிச்ச ட்ரீட்மென்ட் ஆக்ஷன் கேம்பெய்ன்ங்கிற எய்ட்ஸ் மருந்துப் போராட்ட இயக்கத்துல இருந்தவங்க பெரும்பாலும் சாதாரண ஆளுங்க, நிறைய பேர் நோயோட வாழ்ந்தவங்க. அவங்க சும்மா கோஷம் போடல. டாக்டருங்களையும் விஞ்ஞானிகளையும் கூட்டிட்டு வந்து வைரஸ் எப்படி வேலை செய்யுது, மருந்து எப்படி வேலை செய்யுது, சைட் எஃபெக்ட் என்னன்னு கறுப்பின மக்கள் வாழுற டவுன்ஷிப்ல கிளாஸ் எடுத்து, படிச்சு, அப்புறம் கோர்ட்டுக்குப் போனாங்க. 2002 ஜூலைல கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் அவங்க பக்கம் தீர்ப்பு குடுத்து, தாய்கிட்ட இருந்து குழந்தைக்கு நோய் தொத்தாம இருக்க நெவிரபின் மருந்தை அரசாங்க ஆஸ்பத்திரிகள்ல குடுக்கணும்னு சொல்லிடுச்சு. அதனால "ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது"ன்னு உங்க சேர்மன் சொன்னார்னு எழுதியிருந்தீங்களே, அவர்கிட்ட இதைச் சொல்லுங்க. வைரஸே புரிஞ்சிக்கிட்டவங்களுக்கு விரிசல் புரியாதா?

சரி, நல்ல இன்ஜினியரைப் பிடிச்சிட்டீங்கன்னே வெச்சிக்குவோம். அவருக்கும் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு, அது இடம். இதுல என் சொந்தக் கதை ஒண்ணு சொல்றேன், எந்த ஊரு, எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க. ஒரு கம்யூனிட்டி ஹால் கட்ட மண்ணு டெஸ்ட் பண்ணோம். ஜூலை மாசம் குழி தோண்டினாங்க, தண்ணி சொட்டு இல்ல, அருமையா ரிப்போர்ட் வந்துச்சு. கூட்டத்துல பின்னாடி உக்காந்திருந்த ஒரு ஆயா எழுந்து, "அய்யா, மார்ச் மாசத்துல எங்க வீட்டு அடுப்படி தரை வேர்க்கும், அந்த ஹாலு எங்க வீட்டுக்கு கீழ்ப்பக்கம்தான வருது"ன்னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், பொய் சொல்ல மாட்டேன். நம்ம ஊர்ல ஜூலை குளிர்காலம், அதுதான் காய்ஞ்ச காலம், மழையெல்லாம் கோடைலதான், ஜூலைல தோண்டினா என்ன தெரியும்? ஹால் கட்டி மூணாவது வருஷம் தரை உப்பிக்கிட்டு டைல்ஸ் பேந்துச்சு. ரிப்பேருக்கு ஆன செலவுல அந்த ஆயாவுக்கு புதுசா ஒரு வீடே கட்டிக் குடுத்திருக்கலாம். இன்ஜினியர் மேல தப்பு இல்ல, அவர் தோண்டின குழில தண்ணி இல்லதான். ஆனா எந்த மாசம் தோண்டணும்னு சொல்லக்கூடிய ஆளை நாங்க ரிப்போர்ட் முடிஞ்ச அப்புறம்தான் கூப்பிட்டோம். உங்க கோயில் பின்சுவர் பக்கம் முன்னாடி ஓடை இருந்துச்சா, கிணறு மூடினாங்களா, எப்போ அந்தப் பக்கம் மண்ணு கொட்டினாங்க, இது எல்லாம் வயசானவங்களுக்குத் தெரியும். அவங்கள கை தூக்கக் கூப்பிடாதீங்க, கதை சொல்லக் கூப்பிடுங்க, அதுவும் இன்ஜினியர் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, முடிஞ்சா அவரையும் பக்கத்துல உக்கார வெச்சு. நம்ம கரையோரத்து பெரேயா செம்மண் வேற, காய்ஞ்சிருந்தா கல்லு மாதிரி நிக்கும், தண்ணி இறங்கினா அப்படியே உக்காந்துடும், தண்ணி எந்தப் பக்கம் வருதுங்கிறது உங்களுக்கு முக்கியமான கேள்வி.

ரெண்டு அறிவும் ஒழுங்கா சேர்ந்தா என்ன ஆகும்கிறதுக்கு டர்பன்லயே உதாரணம் இருக்கு. பால்மியட் ஆத்தங்கரைல குவாரி ரோடு வெஸ்ட்னு ஒரு குடிசைப் பகுதி. அங்க முனிசிபாலிட்டி ஆளுங்களும் குவாசுலு நட்டால் யூனிவர்சிட்டி ஆளுங்களும் அங்க குடியிருக்கறவங்களும் சேர்ந்து ஒரு வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு பண்ணாங்க. மழைக் கணிப்பு எல்லாம் ஆபீஸ் பக்கம் இருந்து வரும், ஆத்துல தண்ணி எவ்ளோ ஏறுதுன்னு அங்க இருக்கறவங்க பார்த்துச் சொல்லுவாங்க, எல்லாம் சாதாரண வாட்ஸ்அப் குரூப்ல. 2022 ஏப்ரல் வெள்ளத்துல இந்த மாகாணத்துல 400 பேருக்கு மேல செத்தாங்க, அந்தப் பகுதில நூத்துக்கணக்கான வீடு அடிச்சிட்டுப் போச்சு, ஆனா முன்கூட்டியே தகவல் போனதால ஆளுங்க வெளிய வந்துட்டாங்க. கம்ப்யூட்டர் மாடல் மட்டும் இருந்தா எந்தக் குடிசை முதல்ல போகும்னு தெரியாது, ஜனங்க மட்டும் இருந்தா மலைமேல என்ன மழைன்னு தெரியாது.

இப்போ கை தூக்குற விஷயத்துக்கு வர்றேன். எனக்கு இது சுத்தமா பிடிக்காது, அதைச் சொல்லிடுறேன். மண்டபத்துல கூட்டம், முன்னாடி வரிசைல பழைய சேர்மன், அவர் பக்கத்துல பெரிய டொனேஷன் குடுத்த குடும்பம், அவங்க கை தூக்கின உடனே பின்னாடி இருக்கறவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு தூக்குவாங்க. பொம்பளைங்க பாதி பேர் சமையல் கட்டுல இருப்பாங்க, அவங்கள யாரும் எண்ணக்கூட மாட்டாங்க. இதுக்குப் பேரு கூட்டுக் கருத்து இல்ல, ரெண்டு பேரோட கருத்து 200 கையில.

1906ல இங்கிலாந்து பிளிமத் ஊர்ல ஒரு கண்காட்சில ஒரு மாட்டைக் காட்டி, இதை வெட்டி சுத்தம் பண்ணா எவ்ளோ எடை இருக்கும்னு சீட்டு வித்தாங்க. பிரான்சிஸ் கால்டன்ங்கிற விஞ்ஞானி அந்தச் சீட்டெல்லாம் வாங்கிக் கணக்குப் போட்டார், 787 சீட்டு. ஜனங்க முட்டாளுங்கன்னு காட்டத்தான் போட்டாரோ என்னவோ, ஆனா நடு மதிப்பு 1,207 பவுண்டு வந்துச்சு, நெசமான எடை 1,198. ஒரு சதவீதம் கூட தப்பல. இந்தக் கதைய எல்லாரும் "பாருங்க, கூட்டம் எவ்ளோ அறிவாளி"ன்னு சொல்ல எடுத்துக்குவாங்க, ஆனா முக்கியமான விஷயத்தை விட்டுடுவாங்க: ஒவ்வொருத்தரும் தனித்தனியா சீட்டுல எழுதினாங்க, பக்கத்து ஆள் என்ன எழுதினான்னு பார்க்கல, தவிர மாட்டைக் கண்ணால பார்த்தாங்க, கசாப்புக் கடைக்காரங்களும் விவசாயிங்களும் அதுல இருந்தாங்க. அதே 787 பேரை ஒரு ஹால்ல நிக்க வெச்சு ஊர் பெரிய மனுஷன் முதல்ல ஒரு நம்பர் சொல்லியிருந்தா அந்த மாடு அவர் சொன்ன எடைதான் இருந்திருக்கும். நிபுணருங்களுக்கும் இதே கதிதான். அதனாலதான் 1950கள்ல அமெரிக்காவுல ராண்ட்ங்கிற ஆராய்ச்சி அமைப்புல டெல்ஃபின்னு ஒரு முறை கொண்டு வந்தாங்க (நம்ம ராண்ட் பணம் இல்ல, அது வேற), நிபுணருங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம, பேர் இல்லாம எழுதிக் குடுப்பாங்க, எல்லாத்தையும் தொகுத்து திரும்ப எல்லாருக்கும் அனுப்பி, காரணத்தைப் படிச்சிட்டு மாத்துறதுன்னா மாத்துங்கம்பாங்க, இப்படி ரெண்டு மூணு சுத்து. நீங்களும் முதல்ல தனித்தனியா சீட்டுல எழுதி வாங்குங்க, அப்புறம் பேச விடுங்க, பேசின பிறகு மறுபடி சீட்டு. முதல் சீட்டுக்கும் ரெண்டாவது சீட்டுக்கும் உள்ள வித்தியாசத்துலதான் விஷயமே இருக்கு.

ஊரைக் கேக்குறதுன்னு சொல்றீங்களே, ஊர்னா யாரு? சந்தா கட்டின மெம்பரா, வெள்ளிக்கிழமை வர்றவங்களா, திருவிழாவுக்கு மட்டும் ஜோகன்னஸ்பர்க்ல இருந்து வர்றவங்களா? கோயிலுக்கு எதிர்த்தாப்புல சுலு குடும்பங்க இருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க. ரெண்டு வருஷம் லாரி வர்றது, தூசி, மேளச் சத்தம், பார்க்கிங் எல்லாம் அவங்க வாசல்லதான். அவங்களுக்கு மூலவர் எங்க இருக்கணும்னு சொல்ல உரிமை இல்ல, ஆனா தண்ணி எந்தப் பக்கம் திருப்பி விடுறோம்கிறதுல கட்டாயம் இருக்கு. ஆளுக்கு ஆள் கேள்வி மாறும்.

நம்ம நாட்டு கோர்ட்டுங்க இந்த விஷயத்துல நிறைய சொல்லியிருக்கு, படிச்சா ஆச்சரியமா இருக்கும். ஈஸ்டர்ன் கேப் மாகாணத்து வைல்ட் கோஸ்ட் கடல்ல ஷெல் கம்பெனி எண்ணெய் தேட சர்வே பண்ண வந்த கதை ஞாபகம் இருக்கா, 2021 கடைசில. கம்பெனி "நாங்க ஜனங்களக் கேட்டோம்"னுச்சு. எப்படிக் கேட்டாங்கன்னு பார்த்தா, ராஜாக்கள், தலைவர்கள்கிட்ட பேசியிருக்காங்க, பேப்பர்ல விளம்பரம் குடுத்திருக்காங்க, இங்கிலீஷ்லயும் ஆப்பிரிக்கான்ஸ்லயும். அந்தக் கரைல இருக்கறவங்க பேசுறது ரெண்டும் இல்ல. 2022 செப்டம்பர்ல மக்காண்டா ஹைகோர்ட், தலைவரைக் கேட்டா ஜனங்களைக் கேட்ட மாதிரி ஆகாதுன்னு சொல்லி கம்பெனிக்குக் குடுத்த எண்ணெய் தேடுற உரிமைய ரத்து பண்ணிடுச்சு. கடல்தான் எங்க முன்னோருங்க இருக்குற இடம்னு ஜனங்க சொன்னதையும் கோர்ட் மதிச்சு எடுத்துக்கிச்சு, அது எந்த டெக்னிக்கல் ரிப்போர்ட்லயும் வராத விஷயம். 2024ல சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல் அது சட்டப்படி செல்லாததுதான்னு உறுதி பண்ணிட்டு, ஆனா கம்பெனி புதுப்பிக்கக் கேட்ட மனு முடியுற வரைக்கும் ரத்தை நிறுத்தி வெச்சு, மறுபடி ஜனங்கள ஒழுங்கா கேளுங்கன்னு அனுப்புச்சு. உங்க நோட்டீஸை இங்கிலீஷ்ல மட்டும் அடிச்சு மண்டபக் கதவுல ஒட்டப் போறீங்கன்னா இதைக் கொஞ்சம் யோசிங்க. இளசுங்களுக்கு இங்கிலீஷ்தான் வேணும், ஒத்துக்கிறேன், எங்க வீட்லயும் பேரப் பசங்க அப்படித்தான். ஆனா 80 வயசு ஆயாவுக்கு கதவுல ஒட்டின பேப்பர் எந்த மொழில இருந்தா என்ன, யாராவது வீட்டுக்குப் போய் உக்காந்து ஒரு டீ குடிச்சிக்கிட்டுச் சொல்லணும்.

கேட்டா அது படியே நடக்கணுமான்னு உங்க பொருளாளர் கேட்டாராம். நல்ல கேள்வி. இதுக்கு ரெண்டு ஊர் கதை பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும். மட்டாட்டியேலே ஊரை நம்ம மாகாணத்துல இருந்து ஈஸ்டர்ன் கேப்புக்கு மாத்தினாங்க, நம்ம மாகாண சட்டசபை ஜனங்களைக் கேக்கவே இல்ல, 2006ல கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் அது செல்லாதுன்னுடுச்சு, சரி பண்ண 18 மாசம் டைம் குடுத்துச்சு. அப்புறம் கூட்டமெல்லாம் போட்டுக் கேட்டு, அடுத்த வருஷம் மறுபடி அதே ஈஸ்டர்ன் கேப்புக்குத்தான் மாத்தினாங்க. அடுத்தது மெராஃபோங், கவுட்டெங் மாகாணத்துல இருந்து நார்த் வெஸ்ட் மாகாணத்துக்கு மாத்தினது. அங்க கூட்டம் போட்டாங்க, ஜனங்க வேணாம்னாங்க, முதல்ல மாகாணம் ஓரளவு அவங்க பக்கம் நின்னுட்டு அப்புறம் மனசு மாத்திக்கிச்சு, ஏன் மாத்தினோம்னு திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லல. 2008ல கோர்ட் பெரும்பான்மைத் தீர்ப்புல, கேட்டாங்க, கேக்குறதுன்னா கீழ்ப்படியுறது இல்ல, அதனால செல்லும்னுடுச்சு. சட்டப்படி ஜெயிச்சாங்க. ஆனா மெராஃபோங்ல இருக்குற குட்சோங்ல, கோர்ட் தீர்ப்புக்கு முன்னாடி இருந்தே, என்ன ஆச்சு? டயர் எரிஞ்சுது, பள்ளிக்கூடம் மூடினாங்க, 2006 உள்ளூர் எலெக்ஷனை ஊரே புறக்கணிச்சுது, கடைசில 2009ல திரும்ப கவுட்டெங்குக்கே மாத்திக் குடுத்தாங்க. எனக்கு இதுல படுறது, ஜனங்களுக்கு தோத்தது கூட அவ்ளோ கோவம் இல்ல, சொன்னது எங்க போச்சுன்னே தெரியாம போனதுதான் கோவம். அதனால கமிட்டி முடிவு வேற மாதிரி வந்தா அன்னிக்கே, "நீங்க இப்படிச் சொன்னீங்க, நாங்க இந்தக் காரணத்துக்காக இப்படி முடிவு பண்ணோம்"னு ஒரு பக்கம் எழுதி வாசிச்சுக் காட்டுங்க. முடிவு எடுக்குற பொறுப்பு கமிட்டிக்குத்தான், "ஜனங்க சொன்னாங்க"ன்னோ "இன்ஜினியர் சொன்னார்"னோ அதைத் தள்ளி விட முடியாது.

எங்க வீட்ல இந்தப் பேச்சு வந்தா அப்பா சும்மா இருக்க மாட்டார். எங்க குடும்பம் கேட்டோ மேனர்ல இருந்து சாட்ஸ்வொர்த்துக்கு வந்தது, இனம் வாரியா குடியிருப்பைப் பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்துல. அந்தத் திட்டத்துக்கும் நிபுணருங்க இருந்தாங்க, மேப் இருந்துச்சு, ரோடு கணக்கு, பஃபர் ஸ்ட்ரிப் (ரெண்டு இனத்துக்கு நடுவுல விடுற காலி நிலம்) கணக்கு எல்லாம் சுத்தமா இருந்துச்சு. நான் பிளானிங் வேலைக்குச் சேர்ந்தப்போ அப்பா சொன்னது ஒண்ணே ஒண்ணு: "கோடு போடுறவன் யாரும் எங்க வீட்டுக்கு வந்து பார்க்கல டா." அதே நாட்டுல 1994ல இருந்து 96 வரைக்கும் புது அரசியல் சட்டம் எழுதுறப்போ ஏறக்குறைய 20 லட்சம் மனு வந்துச்சு. பெரும்பாலும் பெட்டிஷன் கையெழுத்துதான், சொந்தமா யோசிச்சு எழுதினது ஆயிரக்கணக்குலதான், இதை மறைக்க வேண்டியதில்ல. அப்படியும் எங்கப்பா கூட்டத்துக்குப் போய்ட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கிட்டு இருந்தார்.

நடுவுல இன்னொரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது, உங்க கமிட்டிக்குப் பிடிக்குமான்னு தெரியல. குலுக்கல். உத்திரமேரூர் கல்வெட்டு கேள்விப்பட்டிருப்பீங்க, முதலாம் பராந்தகன் காலம், 919லயும் 921லயும் வெட்டினது. 30 குடும்பு (வார்டு மாதிரி), ஒவ்வொண்ணுலயும் தகுதி உள்ளவங்க பேரை ஓலைல எழுதி குடத்துல போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியத்துக்கு, அதாவது ஊர் நிர்வாகக் குழுவுக்கு, ஆள் போட்டாங்க. நிலம் வீடு உள்ளவங்க, வேதம் படிச்சவங்க மட்டும்தான் அதுல வர முடியும், நம்ம தாத்தா பாட்டிங்க பேரெல்லாம் அந்தக் குடத்துல விழுந்திருக்காது, அதனால ரொம்பப் பெருமை அடிக்க வேணாம். ஆனா ஒரு விதி அருமை: முன்னாடி வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரங்களும் நிக்கக் கூடாது. (எத்தன கோயில் கமிட்டி காலியாகும்!) இந்தக் காலத்துல அயர்லாந்துல அதே மாதிரிதான், வயசு, ஆணு பொண்ணு, ஊரு எல்லாம் கலந்து வர்ற மாதிரி 99 சாதாரண ஆளுங்களை எடுத்து, மேல ஒரு நீதிபதிய தலைவரா வெச்சு, கருக்கலைப்பு சட்டம் பத்தி டாக்டர், வக்கீல், ரெண்டு பக்க ஆளுங்க எல்லாரையும் வாரக்கடைசில கூட்டி வந்து கேக்க வெச்சாங்க. அவங்க சொன்னதை வெச்சுதான் அப்புறம் 2018 மே மாசம் நாடே ஓட்டுப் போட்டுச்சு, 66.4 சதவீதம் மாத்தலாம்னாங்க. நிபுணர் பேசுறதைக் கேக்க நேரமும் வாய்ப்பும் குடுத்தா சாதாரண ஆளு நல்லாவே யோசிப்பான், அதான் விஷயம். உங்களுக்கு 99 வேணாம். மெம்பர் லிஸ்ட்ல இருந்து குலுக்கிப் போட்டு 15 பேர், பாதி பொம்பளைங்க வர்ற மாதிரி, 30 வயசுக்குக் கீழ அஞ்சு பேர். மூணு ஞாயித்துக்கிழமை. இன்ஜினியர், ஸ்தபதி, பழைய ஆளுங்க எல்லாரும் இவங்க முன்னாடி வந்து பேசட்டும், இவங்க குறுக்குக் கேள்வி கேக்கட்டும். இவங்க குடுக்குற அறிக்கையோட வருஷாந்திரப் பொதுக் கூட்டத்துக்குப் போனீங்கன்னா அங்க சத்தம் பாதியா குறையும்.

ஒண்ணு மறந்துட்டேன், இதை முதல்லயே சொல்லியிருக்கணும். 60 வருஷத்துக்கு மேல பழைய கட்டிடத்தை இடிக்கவோ மாத்தவோ 1999 ஹெரிட்டேஜ் சட்டப்படி பர்மிட் வேணும், நம்ம மாகாணத்துல பழைய கட்டிடங்களைப் பார்த்துக்குற அமாஃபாங்கிற அமைப்புகிட்ட போகணும். ஊரும் கமிட்டியும் இன்ஜினியரும் ஒரே மனசா இடிக்கலாம்னாலும் அந்தப் பேப்பர் இல்லாம சுத்தியல் வெக்க முடியாது. முதல்ல அங்க ஒரு ஆளை அனுப்பி என்னென்ன கேப்பாங்கன்னு தெரிஞ்சிக்குங்க, ஏன்னா "இடிக்கவே விடமாட்டோம், சீர் பண்ணுங்க"ன்னு அவங்க சொல்ற வாய்ப்பும் இருக்கு, அப்படின்னா உங்க ரெண்டு கட்சியும் ஆறு மாசமா எதுக்கு சண்டை போட்டீங்க?

நானா இருந்தா, இப்போ உடனே பின்சுவர் பக்கம் கயிறு கட்டி ஆள் போகாம பண்ணிடுவேன், அதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல, பச்சைப் புள்ளைங்க ஓடுற இடம். அப்புறம் பழைய ஆளுங்க கதை, அப்புறம் இன்ஜினியர், அதுவும் ஒரு தடவ இப்போ, ஒரு தடவ பிப்ரவரி மார்ச் மழைல வந்து பார்க்கச் சொல்லி. விரிசல் மேல கண்ணாடித் துண்டு ஒட்டி தேதி எழுதி வெப்பாங்க, சுவர் நகர்ந்தா கண்ணாடி உடையும், அதை யார் வேணா போய்ப் பார்க்கலாம். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் மா, ஏன்னா அந்தக் கண்ணாடிய வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எல்லாரும் பார்ப்பாங்க, இன்ஜினியர் சொல்றதை நம்பணுமா வேணாமான்னு யாரும் வாதாட வேண்டியதில்ல. அப்புறம் குலுக்கல் குழு, அப்புறம் சீட்டு, அப்புறம் கமிட்டி.

இன்ஜினியருக்குக் குடுக்குற கேள்வித் தாளை எழுதினதும் எனக்கு அனுப்புங்க, அவருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கண்ணு பார்த்துடுறேன். ஆடில மட்டும் அவசரப்படுத்தாதீங்க, அண்டா பக்கத்துல நிப்பேன், போன் எடுக்க மாட்டேன்.